ஆடி மாத முற்றுகை

எங்கள் சிற்றூரை ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் எதிரிப்படை முற்றுகையிடுகிறது. வெள்ளிக்கிழமை மாலை தொடங்கும் முற்றுகை ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிடும். திங்கட்கிழமை எல்லோருக்கும் வேலை இருக்கிறது. எதிரிகளாக வருபவர்கள் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். இரு தரப்புக்கும் பியர் ஒரே லொறியில்தான் வருகிறது.

ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் வந்து, அதன் பிறகு பஸ் ஏற வேண்டும். சுற்றிவரக் கோதுமை வயல், பன்றிப் பண்ணை, காற்றாலைகள். நடுவில் ஒரு பழைய மதில், அதில் ஒரு வாசல். நாலு நூற்றாண்டுக்கு முன் நடந்த முப்பதாண்டுப் போரில் இந்த மதிலைச் சுவீடன்காரர் வளைத்துக்கொண்டார்களாம்; அதைத்தான் ஆண்டுதோறும் நடித்துக் காட்டுகிறார்கள். வந்த படையில் நிறையப் பேர் ஜேர்மன்காரர், உள்ளே இருந்தவர்களும் ஜேர்மன்காரர். ஆனால் சொந்தச் சனமே சொந்தச் சனத்தைப் பட்டினி போட்டது என்று சொல்லித் திருவிழா நடத்த முடியுமா? அதனால் பழி சுவீடன் தலையில். பக்கத்துக் கிராமம் அப்போது எதிரிக் குதிரைகளுக்கு வைக்கோல் கொடுத்ததாம். நான் சமையற்கட்டில் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு மூதாட்டி இருக்கிறார். அந்தக் கிராமத்துக்காரர் ஒருவரோடு ஒரே மேசையில் இருந்து சூப் குடிக்க மாட்டார். காரணம் கேட்டால், "அவர் சுவீடன்காரர்" என்பார். அந்த மனிதர் வாழ்நாள் முழுக்கப் பன்றி வளர்த்தவர், சுவீடனைக் கண்ணாலும் கண்டதில்லை.

இதைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்கு ஒரு தகுதியும் கிடையாது. டோர்ட்மண்டில் எங்கள் ஈழத்துச் சனம் பொங்கலை இரண்டு மண்டபங்களில் வைக்கிறது. ஒரு மண்டபத்துக்குப் போனவர் மற்றதிலும் தலை காட்டினால், ஊரில் போர் நடந்தபோது எந்த இயக்கத்துக்கு யார் வீட்டில் சோறு போனது என்பதிலிருந்து கதை தொடங்கும். இன்னும் முந்நூறு வருடம் போனால் நாங்களும் உடுப்புத் தைத்துப் போட்டுக்கொண்டு மதிலில் ஏறுவோம் என்றுதான் நினைக்கிறேன்.

முற்றுகை விஷயத்தில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. நான் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்தவள். ஜாம் போத்தலுக்குள் துளி மண்ணெண்ணெய் விட்டு, திரி வைத்து, அந்த வெளிச்சத்தில் சோதனைக்குப் படித்தவள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டிருக்கிறோம். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடி, அதன் புகையில் இருமிக்கொண்டே கலியாண வீட்டுக்குப் போயிருக்கிறோம். ஆகையால் இந்த ஊருக்கு வந்த புதிதில் திருவிழாவுக்கு நான் சும்மா பார்வையாளராகப் போகவில்லை, பரிசோதகராகப் போனேன். "முற்றுகைச் சூப்" என்று ஒரு பெரிய அண்டாவில் விற்பார்கள். பட்டினியை நினைவுகூரும் சூப்பாம். உள்ளே கிழங்கு, புகையூட்டிய இறைச்சி, மேலே ஒரு கரண்டி கிறீம். அந்தப் பட்டினி கிடந்திருந்தால் எங்கள் ஊரில் எல்லோரும் கொழுத்திருப்போம். ஆனால் மே மாதத்தில் டோர்ட்மண்டில் நாங்களும் கடைசிப் போரில் செத்தவர்களின் நினைவுக்கு உப்பில்லாக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறோம். குடித்து, கண்ணைத் துடைத்துவிட்டு, அப்படியே கொத்துரொட்டிக் கடை வாசலில் வரிசையில் நிற்பவர்களையும் நான் கண்டிருக்கிறேன். வரிசையில் நானும்தான் நின்றேன்.

மதிலுக்கு உள்ளே வீடு உள்ளவர்கள் நாடகத்தில் நகரத்தார். வெளியே வீடு உள்ளவர்கள் நாட்டுப்புறத்தார். இது விழாச் சங்கத்தின் பழைய விதி. என் வீடு பேக்கரிக்கு மேல் மாடியில், மதிலுக்கு நன்றாக உள்ளே இருக்கிறது. அந்தப் பேக்கரிக்காரரின் மகன் பிறப்பதற்கு முன்பே நான் அங்கே குடிவந்தவள். அவன் இப்போது வெல்வெட் சட்டையும் வெள்ளைக் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு நகரசபை உறுப்பினராக மதிலில் நிற்கிறான். போன வருடம் எனக்கும் ஆசை வந்தது. சங்கத் தலைவரிடம் போனேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், நல்ல மனிதர், முகம் மலர்ந்துபோனது.

"எங்களுக்கு அகதிகள் எப்போதும் குறைவு" என்றார். "படை வரும்போது வயல்களை விட்டு வாசலுக்கு ஓடிவரும் நாட்டுப்புற மக்கள். உங்களுக்கு அது இயல்பாக வரும்."

நான் மதிலுக்கு உள்ளே இருப்பவள் என்றேன். தெரியும் தெரியும், ஆனால் நகரத்தார் நிறைந்துவிட்டார்கள் என்றார். உங்கள் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வரலாமே என்றும் சொன்னார். முப்பது வருடத்துக்கு மேல் வரி கட்டி, குப்பையை நாலு நிறத் தொட்டிகளில் பிரித்துப் போட்டு வாழ்ந்தவளுக்கு, நாலு நூற்றாண்டுக்கு முந்தைய கதையிலும் கிடைத்த வேடம் அகதி. எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் சமையற்கட்டில் இதைச் சொல்லிப் பொரிந்து தள்ளினேன். கேட்டுக்கொண்டிருந்தவள் பாத்திரம் கழுவும் மெஷினில் என்னோடு நிற்பவள். வன்னியில் நெல்லுக் கமம் செய்த குடும்பம், கடைசிப் போர் முடியும்வரை அதற்குள்ளேயே கிடந்தவள். வயது நாற்பதை நெருங்குகிறது. முற்றுகையில் நான்தான் மூத்தவள் என்ற என் கர்வம் இவள் வந்த கிழமையே அடங்கிவிட்டது. நான் ஜாம் போத்தல் விளக்குக் கதை சொன்னபோது, "உங்களுக்குப் போத்தல் இருந்ததோ அக்கா?" என்று நிசமாகவே கேட்டாள்.

அவளுடைய அகதி விண்ணப்பத்தை இந்த நாடு நிராகரித்துவிட்டது. கையில் இருப்பது டுல்டுங் என்ற காகிதம். பொறுத்துக்கொள்ளுதல் என்று அர்த்தம். உன்னை அனுப்பவேண்டும், இன்றைக்கு அனுப்பவில்லை, அவ்வளவுதான் அது சொல்வது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாவட்ட அலுவலகத்தில் டெர்மின் என்ற முன்குறித்த நேரம் எடுத்து நீட்டிக்க வேண்டும். ஒவ்வொரு டெர்மினுக்கும் மொழிபெயர்க்க நான் போவேன். நீட்டாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். அவளுக்குத் திரும்பிப் போக ஊரில் வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை.

என் கோபத்தை முழுவதும் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான். "ஓடி வாறவையை உள்ளை விடுறவையோ?"

"ஓம், நாடகத்திலை விடுவினம்."

"அப்ப நான் வாறன் அக்கா. நீங்களும் வாங்கோ."

இப்படியாக நான் அகதியானேன், இரண்டாம் தடவையாக.

ஒத்திகைக்கு, உயிர் தப்பி ஓடும்போது எதை எடுப்பீர்களோ அதை எடுத்து வாருங்கள் என்று உடுப்புக்குப் பொறுப்பான பெண் சொல்லியிருந்தார். ஜேர்மன் அகதிகள் ரசனையோடு வந்தார்கள். ஒருத்தி கையில் பிரம்புக்கூடை, அதில் உலர்ந்த லாவெண்டர். பல் வைத்தியர் ஒருவர் பஞ்சடைத்த வாத்தைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். எங்கள் ஆள் கொண்டுவந்தது ஒரு சமையல் பானை, கூரைக்குப் பிடிக்க ஒரு நீலத் தறப்பாள், பொலித்தீனில் சுற்றிய தஸ்தாவேஜுக் கட்டு, ஒரு மண்வெட்டி. மண்வெட்டி பழைய சாமான் சந்தையில் அவளே தேடி எடுத்தது. அகன்ற அலகு, மரப்பிடி. வாடகைத் தோட்டத்தில் மிளகாய்க்குப் பாத்தி கட்ட வைத்திருக்கிறாள்.

வரலாற்று உண்மைக்கென்று சங்கத்தில் ஒரு குழு இருக்கிறது. கைக்கடிகாரம் கூடாது, ஓட்டச் சப்பாத்து கூடாது. மூக்குக்கண்ணாடி மட்டும் கூடும், இல்லாவிட்டால் நகரசபை உறுப்பினர்கள் மதிலிலிருந்து விழுந்துவிடுவார்கள். அந்தக் குழு தறப்பாளை உடனே தள்ளியது. பொலித்தீனையும் தள்ளியது. மண்வெட்டி எதற்கு என்று கேட்டார்கள்.

"பங்கர் வெட்ட" என்றாள். நான் மொழிபெயர்த்தேன்.

அந்தக் காலத்துக் குடியானவர்கள் பங்கர் வெட்டவில்லை என்று குழு விளக்கியது.

"அப்ப ஷெல் வரேக்கை எங்கை கிடந்தவை?" என்று அவள் கேட்டாள். வாத்தியார் மண்வெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அருமையான பழைய கருவி, அப்படியே அந்தக் காலத்தது மாதிரி இருக்கிறது என்று மகிழ்ந்தார். மண்வெட்டிக்கு அனுமதி கிடைத்தது. விண்ணப்பம் எழுதாமலேயே அவள் வீட்டில் அனுமதி பெற்றது அந்த மண்வெட்டி ஒன்றுதான்.

விழா நாள் வந்தது. நாங்கள் சாக்குத் துணியைப் போர்த்துக்கொண்டு கோதுமை வயல் ஓரத்தில் நின்றோம். பீரங்கி முழங்கியது. ஊர்த் துப்பாக்கி சுடும் சங்கத்துக்காரர்கள் குண்டில்லாமல் வெடிமருந்தை மட்டும் இடித்து வெடிக்க வைப்பார்கள். பல் வைத்தியர் எங்கள் இருவரையும் கவலையோடு பார்த்தார். நாங்கள் நிலத்தில் விழுந்து அழுவோம் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இது இஞ்சையிருந்து போற சத்தம் அக்கா. எங்களிட்டை வாறது இல்லை."

"ஓம். அதுவும் எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா அடிக்கிறாங்கள் பார்."

"இடையிலை பியர் குடிக்கிறாங்கள். இப்பிடி அடிச்சிருந்தா நாங்கள் நித்திரையாவது கொண்டிருப்பம்."

பிறகு வாசலுக்கு ஓடினோம். வாத்து முன்னே போனது. வாசல் திறக்கும் இடம்தான் விழாவின் உச்சம். நகரத் தளபதி வெளியே வந்து, கூட்டத்தைப் பார்த்து, ஒலிபெருக்கியில் ஒரு வசனம் பேசுவார். அந்த வேடம் எப்போதும் மாவட்டத் தலைவருக்குத்தான். லாண்ட்ராட் என்பார்கள். இறகு வைத்த தொப்பியும் தோல் அங்கியும் அவருக்கு எடுப்பாக இருக்கும். சனி ஞாயிறில் தளபதி. மற்ற நாட்களில் மாவட்ட அலுவலகத்தின் மேல்மாடியில் அவர் இருப்பார், கீழ்மாடியில் வெளிநாட்டவர் பிரிவு இருக்கும். எவருடைய டுல்டுங் நீளும், எவருக்கு விமானச் சீட்டு எடுக்கப்படும் என்பதெல்லாம் அவர் பெயரில் நடப்பது. இதில் ஏதும் பொருத்தக்கேடு இருப்பதாக இத்தனை வருடத்தில் ஒருவரும் சொன்னதில்லை. உண்மையில் அந்தக் காலத்தில் வாசல் திறக்கவேயில்லை என்று ஊர் அருங்காட்சியகத்து மூலையில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறது. ஓடி வந்த சனம் மதிலுக்கும் படைக்கும் நடுவில் வயலில் கிடந்து செத்ததாம். அதை நடித்தால் சூப் விற்காது.

லாண்ட்ராட் கையை விரித்தார். "உள்ளே வாருங்கள். இந்த மதிலுக்குள் வந்தவர்களை, நான் இருக்கும்வரை, எவரும் வெளியே அனுப்ப மாட்டார்" என்று ஊர் முழுக்கக் கேட்கச் சொன்னார்.

ஒத்திகையில் இந்த வசனத்தை லாண்ட்ராட்டுக்குப் பதிலாக வாத்தியார் அவசர அவசரமாக வாய்க்குள் முணுமுணுத்திருந்தார். அதனால் அவள் இப்போதுதான் கேட்கிறாள். "என்னவாம் அக்கா?" என்றாள். நான் டெர்மின்களில் செய்வதுபோலவே ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

அவள் மண்வெட்டியை என் கையில் தந்தாள். நேரே அவரிடம் போனாள். அவருடைய வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இது வசனத்தில் இல்லாதது. லாண்ட்ராட்டுக்கும் நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது, அதை நான் மறுக்க மாட்டேன். அரசியல்வாதிக்கு நெஞ்சு நெகிழ்ந்தால் வாய் சும்மா இருக்காது. ஒலிபெருக்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், "இது என் வாக்கு" என்று சொந்தமாக ஒரு வரி சேர்த்தார். ஊர் கைதட்டியது. பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். பின்னால் நகரத்தார் பெண்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாக்கும் நாடகம்தான் என்று அவளுக்கு நான் சொல்லவில்லை. சாக்குத் துணி கட்டிய பெண்ணுக்கு, பஞ்சு வாத்துக்குப் பக்கத்தில் வைத்து, இது நாடகம் என்று எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த டெர்மினுக்கு அவள் கோப்போடு வந்தாள். எங்கள் சனத்தின் கோப்புகள் தெரியும்தானே. பிறப்புச் சாட்சிப் பத்திரத்திலிருந்து தடுப்பூசி அட்டைவரை எல்லாவற்றுக்கும் கண்ணாடித் தாள் ஒட்டி லாமினேட் செய்து, திகதி வாரியாக அடுக்கி வைத்திருப்போம். வீடு எரிந்த சனத்துக்கு வந்த பழக்கம் அது. அவளுடைய கோப்பில் முதல் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, பத்திரிகையில் வந்த அந்தப் படம் இருந்தது. வெட்டி எடுத்து, லாமினேட் செய்திருந்தாள்.

"இதென்னடி?" என்றேன்.

"பெரியவர் வாக்குக் குடுத்தவர் அக்கா. எல்லாற்றை முன்னாலையும், ஸ்பீக்கரிலை."

எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலர் இளம் பெண். படத்தைப் பார்த்ததும் அவள் கன்னம் சிவந்தது. விழாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நகரத்தார் பெண் அவள்தான். மிகவும் மரியாதையாக, "இது நாடகம் அல்லவா" என்றாள். "லாண்ட்ராட் அன்றைக்கு ஒரு வேடத்தில் இருந்தார். இது சட்டப்படி ஒன்றுமில்லை. உங்களோடு வந்தவருக்கு இது புரியும் என்று நினைக்கிறேன், நீங்கள் சொல்லுங்கள்."

சொன்னேன். எங்கள் ஆள் படத்தில் இருந்த தன் கையைப் பார்த்தாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை, விலை விசாரிக்கிற குரலில் சொன்னாள்.

"எங்கடை ஊரிலையும் ஆமிக்காரர் ஸ்பீக்கரிலைதான் சொன்னவை அக்கா. பாதுகாப்பு வலயம், எல்லாரும் அங்கை போங்கோ, ஒண்டும் செய்யமாட்டம் எண்டு. அதை நம்பித்தான் என்ரை பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போனனான். அதுவும் நாடகம்தானோ எண்டு இவவைக் கேளுங்கோ."

மொழிபெயர்ப்பாளர் எதையும் விடக்கூடாது என்பது விதி. நான் எதையும் விடவில்லை. பிள்ளைகள் என்ற சொல் வந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு முழுவதையும் சொன்னேன். அலுவலர் பெண் கணினியில் ஏதோ தட்டினாள், அழித்தாள், திரும்பத் தட்டினாள். காகிதத்தை நீட்டியபோது திகதி பங்குனி கடைசி என்று இருந்தது. வழக்கமாகக் கிடைக்கும் மூன்று மாதம் இந்த முறை ஆறாகியிருந்தது. அது படத்தாலா, கேள்வியாலா, அல்லது மேலிடத்தில் யாரும் கவனிக்காததாலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கதவைச் சாத்தும்போது அந்தப் பெண், "விழாவில் மிக நன்றாகச் செய்தார்" என்றாள். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

மார்கழியில் வாத்தியார் சமையற்கட்டு வாசலுக்கே வந்தார். வாற ஆண்டு விழாவுக்கு ஆட்கள் சேர்க்கிறார்களாம். நகரத்தாரில் ஒரு இடம் காலியாகியிருக்கிறது, எனக்குத் தரலாமாம். ஆனால் அவள் மட்டும் கட்டாயம் அகதியாக வர வேண்டும். அந்தக் கையைப் பிடிக்கும் காட்சியை அப்படியே நிரந்தரமாகச் சேர்க்கக் குழு தீர்மானித்துவிட்டதாம். அப்படி ஒரு உண்மை இந்த விழாவில் இதுவரை வந்ததில்லை என்றார்.

எனக்கு மறுபடியும் கோபம் ஏறியது. "உங்கள் விழா ஆடியில். அவளுக்கு இந்த நாடு பங்குனி வரைக்கும்தான்" என்றேன். "மிச்சத்தை உங்கள் தளபதியிடம் கேளுங்கள். வாக்குக் கொடுத்தவர் அவர்தான்."

வாத்தியாரின் முகம் வாடியது. நல்ல மனிதர், உண்மையாகவே வருந்தினார். அதெல்லாம் அலுவலக விஷயம், தங்கள் சங்கம் அரசியலில் தலையிடுவதில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

மெஷினுக்குப் பக்கத்திலிருந்து அவள், "என்ன கேக்கிறார்?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"ஆடிக்கு நான் இஞ்சை நிப்பனோ தெரியாது எண்டு சொல்லுங்கோ. அந்த மண்வெட்டியைத் தரட்டோ எண்டு கேளுங்கோ. அவருக்கு அது நல்ல விருப்பம். நான் இல்லாட்டி வேற ஆரும் கொண்டு ஓடட்டும்."

கேட்டேன். வாத்தியாருக்கு உயிர் வந்தது. அருமையான யோசனை என்றார். வாசலுக்குப் பக்கத்தில், மதிலோடு சேர்ந்து சங்கத்தின் சாமான் அறை இருக்கிறது, அங்கே அதற்கு எப்போதும் இடம் உண்டு, பத்திரமாக வைத்திருப்போம் என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் என்னைப் பார்த்தாள்.

"என்னவாம் அக்கா?"

"மதிலுக்குள்ளை இடம் இருக்காம்" என்றேன். "மண்வெட்டிக்கு."